கடைசிக்கு முந்தியவன்

எங்கள் குடும்பத்தில், வகுப்பில் கடைசிப் பிள்ளையாக வருவது பரம்பரைச் சொத்து. காணியோ பூமியோ இல்லாத, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வாழும் குடும்பத்தில் அப்பனிடமிருந்து மகனுக்கு வந்து சேர வேறு என்னதான் இருக்கிறது? அப்பா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் படித்தார். ஐந்து வருடமும் கடைசி. பெரியப்பா மூன்று வருடம், மூன்றிலும் கடைசி. இருவரும் ஒரே வகுப்பில் இருந்த ஒரு வருடத்தைப் பற்றி மட்டும் இந்த வரலாற்றில் குழப்பம் உண்டு. அந்த வருடம் கடைசி யார் என்று தீபாவளிக்குத் தீபாவளி இருவரும் வாதாடுவார்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். தாத்தா பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர் என்பதால், எங்கள் வம்சத்தில் கடைசியாக வராத ஒரே ஆண்பிள்ளை அவர்தான்.

அக்கா நன்றாகப் படிப்பாள். அது அம்மா பக்கத்து இரத்தம் என்று அப்பா அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே என்னைப் பூண்டுலோயா டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழாம் ஆண்டுக்குச் சேர்த்தபோது, மற்ற அப்பாமாரைப் போல முதலாம் பிள்ளையாக வர வேண்டும் என்றெல்லாம் அப்பா ஆசைப்படவில்லை. அவர் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவர். வந்து இறங்கும் கொழுந்தை ஒரு பிடி அள்ளிப் பார்த்தே அதில் எவ்வளவு நல்ல தூள் தேறும் என்று சொல்லிவிடுவார். மகனையும் அப்படித்தான் ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“மொதலாவதா வா, ரெண்டாவதா வான்னு நான் கேக்கல. கடைசியா மட்டும் வந்துறாத. இந்த வருசம் மூணு தவணையும் கடைசியா வராம முடிச்சிட்டீன்னா, டவுன் கடையில தொங்குதே நெசமான கிரிக்கெட் பேட்டு, அத வாங்கித் தாறேன்.”

நாங்கள் அதுவரை பலகைத் துண்டைச் செதுக்கித்தான் விளையாடிக்கொண்டிருந்தோம். பந்து பட்டால் கை மரத்துப்போகும். அந்த நிஜமான பேட்டைப் பார்ப்பதற்காகவே பஸ்ஸுக்கு நிற்கும் நேரமெல்லாம் கடை வாசலில் நின்றேன். அதன் கைப்பிடியில் சுற்றியிருந்த சிவப்பு ரப்பரை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கலாம்.

முதலாம் தவணைப் பரீட்சை முடிந்து தேர்ச்சி அறிக்கை கைக்கு வந்தது. வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். என் நிலை முப்பத்தேழு.

கடைசியில்லை என்ற சந்தோஷம் அந்த நேரத்தில் எனக்கு வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எண் பார்க்கவே பயங்கரமாக இருந்தது. ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும் படிகளை அன்று உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். நடுவில் ஒரு படியில், முப்பத்தேழைப் பதினேழாக மாற்ற முடியுமா என்று யோசித்தேன். பேனா இருந்தது. மூன்றை ஒன்றாக்கும் சாமர்த்தியம்தான் இல்லை. அந்தச் சாமர்த்தியம் இருந்திருந்தால் நிலையே வேறாக இருந்திருக்கும்.

வீட்டு வாசலில் அக்கா நின்றாள். அப்போது அவள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் ஹட்டனுக்கு இங்கிலீஷ் வகுப்புக்குப் போவாள். சனிக்கிழமை படித்துவந்த சொல்லைச் செவ்வாய்க்கிழமைக்குள் வீட்டில் யார் மீதாவது ஒட்டிவிடாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. எங்கள் ஆட்டுக்குக்கூட அவள் தயவில் மூன்று இங்கிலீஷ் பட்டங்கள் இருந்தன. என் கையிலிருந்த அறிக்கையைப் பிடுங்கிப் பார்த்தவளின் முகம், சரியான ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் மலர்ந்தது.

“அம்மா, ஒங்க மகன் பெனல்ட்டிமேட்.”

அடுப்படியிலிருந்து அம்மா திரும்பிப் பார்த்தார். “என்னாடி சீக்கு அது?”

சீக்கு இல்லை, கடைசிக்கு முந்தியது என்று அர்த்தம் என்றாள் அக்கா. அப்பா வேலை முடிந்து, உடம்பெல்லாம் தேயிலைத் தூள் வாசத்தோடு அப்போதுதான் உள்ளே வந்தார். அக்காவுக்கு அதற்கு மேல் கேட்க வேண்டுமா? பாடமே எடுக்க ஆரம்பித்துவிட்டாள். அது லத்தீன் பாஷையில் இருந்து வந்த சொல்லாம். ‘பேனே’ என்றால் ‘கிட்டத்தட்ட’. ‘அல்டிமஸ்’ என்றால் ‘கடைசி’. இரண்டையும் சேர்த்தால் ‘கிட்டத்தட்டக் கடைசி’. யாழ்ப்பாணத்தைக் குடாநாடு என்கிறோமே, அதற்கு இங்கிலீஷில் பெனின்சுலா என்று பெயர்; அதுவும் அந்தப் ‘பேனே’யின் பிள்ளைதான், ‘கிட்டத்தட்டத் தீவு’ என்று அர்த்தம். அந்தக் காலத்து லத்தீன் வாத்தியார்மார் ஒரு சொல்லில் கடைசிக்கு முந்திய அசையைக் குறிப்பதற்கு இப்படிப் பெயர் வைத்தார்கள். பிறகு இங்கிலீஷ்காரர்கள் அதை எடுத்து எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டார்கள்.

அப்பாவுக்கு லத்தீனில் அக்கறை இல்லை.

“அப்ப கடைசி இல்லையே?”

“கடைசி இல்லப்பா. கிட்டத்தட்ட.”

“கிட்டத்தட்ட கெடக்கட்டும். கடைசி இல்ல?”

“இல்ல.”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த தாத்தா படத்தைப் பார்த்தார். சட்டையைக்கூட மாற்றாமல் கோழி வாங்கப் போய்விட்டார்.

அன்று இரவு சாப்பிடும்போது அவர் யோசித்து ஒரு நியாயம் கண்டுபிடித்திருந்தார். கடைசிக்கு முந்தினவனுக்கென்றே தனியாக ஒரு பெயர் வைத்திருக்கிறான் என்றால், வெள்ளைக்காரன் சும்மா வைத்திருப்பானா?

“அதுக்கும் முந்தினவனுக்கும் ஒரு பேரு இருக்குப்பா,” என்றாள் அக்கா.

“அது யாரு?”

“முப்பத்தாறாவது புள்ள.”

“அந்தப் புள்ளயப் பத்தி நமக்கென்னாத்துக்கு? நீ சாப்புடு,” என்று கோழியின் காலைத் தூக்கி என் தட்டில் போட்டார்.

மறுநாள் காலை பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க ஆட்கள் கூடி நிற்கும் இடத்தில், அப்பா இதை அறிவித்தார். தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா பேர்ப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, “பெனல்ட்டிமேட்டா? அப்படின்னா என்னாய்யா?” என்று கேட்டிருக்கிறார். “கடைசி இல்லைங்க ஐயா” என்றிருக்கிறார் அப்பா. கண்டாக்கையா கைகொடுத்தாராம். கொழுந்தெடுக்கும் பெண்கள் மலைக்கு மலை இந்தச் செய்தியை அனுப்பி, சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. சில பேர் பி.ஏ. என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். நான் என் கொப்பிகளின் அட்டையில், பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து, பெனல்ட்டிமேட் என்று எழுதிக்கொண்டேன்.

அதைப் பார்த்துவிட்டு அக்கா ஒரு நாள் கேட்டாள். “டேய், அந்தச் சொல்லுக்கு ரெண்டு காலு. ஒண்ணு கிட்டத்தட்ட, இன்னொண்ணு கடைசி. கடைசின்னு ஒருத்தன் இல்லாட்டி நீ எதுக்குடா கிட்டத்தட்ட?”

அதுவரை நான் யோசிக்காத விஷயம் அது. என் பெருமையெல்லாம் ஒருவன் முதுகில் நின்றுகொண்டிருந்தது. அவன் பெயர் லோகு. எங்கள் தோட்டத்தில்தான், இரண்டு லயம் கீழே குடியிருந்தான். வகுப்பில் எனக்குப் பக்கத்து இடம். பேசவே மாட்டான், முக்கால்வாசி நாள் மூன்றாம் பாடத்துக்குத்தான் வருவான். வந்தவுடன் தூங்குவான். அவன் முப்பத்தெட்டாவது பிள்ளை.

இரண்டாம் தவணை தொடங்கி ஒரு கிழமைகூட ஆகவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது லோகு சாதாரணமாகச் சொன்னான்.

“அடுத்த மாசம் சித்தப்பா வாறாரு. என்னையக் கொழும்புக்குக் கூட்டிட்டுப் போறாராம். துணிக்கடையில வேலை.”

அவன் போனால் வகுப்பில் முப்பத்தேழு பேர். முப்பத்தேழு பேரில் முப்பத்தேழாவது யார் என்று கண்டுபிடிக்க எனக்குக்கூடக் கணக்கு தெரியும்.

“அப்ப படிப்பு?” என்று கேட்டேன்.

“முப்பத்தெட்டாவதா வாறதுக்கு எதுக்குடா படிப்பு?”

“அப்படிச் சொல்லாத. முப்பத்தெட்டுன்னா லேசா? ஒன்னைய நம்பித்தான்டா ஒரு வகுப்பே இருக்கு. நாங்க முப்பத்தேழு பேரும் ஒம்மேலதான நிக்கிறோம்?”

லோகு என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது.

“நெசமாவா நான் போக வேணாங்கிற?”

“சத்தியமா வேணாம்,” என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மனப்பூர்வமாக நான் எதையும் சொன்னதில்லை.

“என்னைய இதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்லடா,” என்றான்.

அன்றிலிருந்து லோகுவைப் பள்ளிக்கூடத்தில் பிடித்துவைப்பது என் முழுநேர வேலையாகிவிட்டது. அம்மா கட்டித் தரும் ரொட்டியில் பாதி அவனுக்கு. சம்பலில் முக்கால்வாசி. படி ஏறும்போது அவன் பையும் என் தோளில். மாப்பிள்ளையைத் தாங்குவதுபோலத் தாங்கினேன். இவ்வளவும் செய்தும் அவன் மூன்றாம் பாடத்துக்குத்தான் வந்தான். ஏனென்று கேட்டேன்.

அவன் அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் ஒரு வருடமாகியிருந்தது. அப்பா தேயிலையைக் கவ்வாத்து வெட்டுபவர். இருட்டோடு கிளம்பி மேல்மலைக்குப் போய்விடுவார். மூன்று வயதில் ஒரு தங்கச்சி. அவளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுத்தான் லோகு வர வேண்டும். தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தக் காம்பரா திறப்பது ஏழு மணிக்கு. எங்கள் பஸ் ஆறே காலுக்கு. அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்தால் மூன்றாம் பாடம். முதல் இரண்டு பாடமும் எங்களுக்குத் தினமும் கணக்கு. போன தவணை கணக்கில் அவனுக்கு நான்கு புள்ளி. எனக்கு ஒன்பது. அந்த ஐந்து புள்ளி வித்தியாசத்தில்தான் நான் கோழிக்கால் சாப்பிட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் போனேன். அம்மா கொழுந்தெடுக்கப் போகும் வழியில்தான் பிள்ளைக் காம்பரா. “லோகுவோட தங்கச்சிய நீங்க கொண்டுபோய் விடுறீங்களாம்மா? பாவம், அவன் அவளாலதான் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வாறான்” என்று கேட்டேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவர் எழுந்து, என் தலையைத் தடவினார். “எங்கேருந்துடா ஒனக்கு இந்த மனசு வந்துச்சு?” என்றார். கண் கலங்கிவிட்டது. எனக்கும் கலங்கியிருக்கும், காரணம் தெரியாமல் இருந்திருந்தால்.

மறுநாளிலிருந்து விடியும் முன் லோகு தங்கச்சியைத் தூக்கிவந்து எங்கள் வீட்டில் விடுவான். பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அரைத் தூக்கத்தில் இருப்பாள். என் கையில் பிஸ்கட் இருக்கிறது என்று தெரிந்ததும் முழுசாக விழித்துக்கொள்வாள். சீக்கிரத்திலேயே அண்ணனை விட்டுவிட்டு என்னிடம் தாவப் பழகிவிட்டாள். பிஸ்கட்டுக்குத்தான், பிள்ளைகள் விஷயத்தில் நான் ஏமாந்தவனல்ல.

லோகு முதலாம் பாடத்துக்கு வர ஆரம்பித்தான். வந்ததும் ஒரு புதிய ஆபத்து தெரிந்தது. அவன் விழித்துக்கொண்டு கேட்டான். கேட்டால் விளங்கிக்கொண்டான்.

இங்கேதான் நான் பெரிய திட்டம் ஒன்று போட்டேன். தேயிலையைப் பற்றித் தெரியாதவர்கள் அது செடி என்று நினைப்பார்கள். அதை அதன் பாட்டில் விட்டால் மரமாகிவிடும். கூரைக்கு மேலே போகும். கிள்ளிக் கிள்ளி, வெட்டி வெட்டி, இடுப்பளவிலேயே வைத்திருப்பதுதான் எங்கள் தோட்டத்தில் நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிற வேலை. காயவும் விடக்கூடாது, வளரவும் விடக்கூடாது. லோகுவையும் அப்படி வளர்ப்பதென்று முடிவு செய்தேன். பள்ளிக்கூடம் வேண்டாமென்று ஓடிப்போகாத அளவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். என்னை முந்திவிடாத அளவுக்கு நிறுத்திவிடவும் வேண்டும். அவனுக்கு மூன்று புள்ளி, நான்கு புள்ளி கூடட்டும். நான் பெரிய மனது வைத்தேன்.

திட்டத்தில் ஒரு குறைதான். கணக்கு எனக்குத் தெரியாது.

நான் பின்னத்தைக் கூட்டிக் காட்டுவேன். “மேலயும் மேலயும் கூட்டு, கீழயும் கீழயும் கூட்டு, முடிஞ்சுது” என்பேன். லோகு தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வான்.

“அரை ரொட்டியும் அரை ரொட்டியும் ஒரு ரொட்டிடா. ஒன் கணக்குல அரை ரொட்டியாத்தான வருது? மிச்ச ரொட்டி எங்க?”

எனக்குத் தெரியாது. மிச்ச ரொட்டியைத் தேடிக்கொண்டே அவன் பின்னத்தைக் கண்டுபிடித்துவிட்டான். இப்படியே நான் பிழையாகச் சொல்லிக்கொடுக்க, அவன் அதிலிருந்து சரியைக் கண்டுபிடிக்க, ஒரு தவணை ஓடியது. எனக்கு இரவெல்லாம் பயம். ஆனால் கொழும்புச் சித்தப்பா வந்தபோது லோகு, “பரீட்சை முடியட்டும் சித்தப்பா, அப்புறம் பாப்போம்” என்று சொல்லிவிட்டான் என்று கேட்டதும் பயம் கொஞ்சம் குறைந்தது. முதலில் ஆளைப் பிடித்து வைத்துக்கொள்வோம். புள்ளியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பரீட்சைக்கு முந்திய கிழமை வகுப்பு டீச்சர் ஒரு சட்டம் சொன்னார். ஒரு பாடம் எழுதாவிட்டாலும் நிலை கிடையாது. அந்தப் பிள்ளையைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தச் சட்டத்தில் நடுங்கியவன் நான் ஒருவன்தான். லோகு ஒரு பாடம் எழுதாமல் போனாலும் வகுப்பில் முப்பத்தேழு பேர்தான்.

கணக்குப் பரீட்சையன்று காலையில் அம்மாவுக்குக் கடும் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. அக்கா அன்று ஏதோ மாதிரிப் பரீட்சைக்காக விடியற்காலை பஸ்ஸில் ஹட்டனுக்குப் போய்விட்டாள். அப்பா ஃபெக்டரியில். லோகு பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்குமிடத்துக்கு வந்தான்.

“நீ போடா. நான் இவளக் காம்பராவுல விட்டுட்டு அடுத்த பஸ்ஸில வாறேன்.”

“அடுத்த பஸ்ஸில வந்தா பரீட்சை முடிஞ்சிரும்.”

“முடிஞ்சா முடியட்டும். மத்த பாடம் எழுதுறேன்.”

தூரத்தில் வளைவில் பஸ்ஸின் சத்தம் கேட்டது. எனக்கு யோசிக்க நேரமில்லை. பாப்பாவை அவன் இடுப்பிலிருந்து பறித்து என் இடுப்பில் வைத்துக்கொண்டேன். பஸ் நின்றதும் ஏறிவிட்டேன். தங்கச்சி போனால் அண்ணன் வராமல் என்ன செய்வான்?

பூண்டுலோயாவுக்குப் போகும் ரோட்டில் வளைவுகளுக்குப் பஞ்சமில்லை. பாப்பா முதல் நான்கைத் தாங்கினாள். ஐந்தாவது வளைவில் என் வெள்ளைச் சட்டையில் வாந்தி எடுத்தாள். பக்கத்திலிருந்த அம்மா ஒருவர் முந்தானையால் துடைத்துவிட்டு, “ஒந்தங்கச்சியா தம்பி?” என்று கேட்டார். விளக்கம் சொல்ல நீளமாக இருந்ததால் ஆமென்றேன்.

டீச்சர் எங்கள் மூவரையும் பார்த்தார். என் சட்டையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் தன் மேசைக்குப் பக்கத்தில் பாப்பாவை உட்காரவைத்து, கரும்பலகையில் எழுதும் சோக்கட்டி ஒன்று கொடுத்தார். பரீட்சை தொடங்கியது. நான் இரண்டு கணக்குச் செய்தேன். பாப்பா சோக்கட்டியைத் தின்று பார்த்துவிட்டு, அது பிஸ்கட் இல்லை என்று தெரிந்ததும் அழ ஆரம்பித்தாள். டீச்சர் தூக்கப் போனார்; இன்னும் பலமாக அலறினாள். என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள்.

லோகு எழுந்துவிட்டான். பேனாவை மூடிக்கொண்டிருந்தான்.

அந்தப் பேனாவை மூடுவதைப் பார்த்ததும் எனக்கு உயிர் போய்விட்டது. பாதியில் எழுந்து போனவனுக்கு நிலை போடுவார்களா மாட்டார்களா என்று டீச்சர் சொல்லவில்லை. “நீ உக்காந்து எழுதுடா” என்று அவன் தோளை அமுக்கிவிட்டு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கொஞ்ச நேரம் சமாதானப்படுத்திவிட்டுத் திரும்புவதாகத்தான் எண்ணம். மணியைக் காட்டினேன், மரத்திலிருந்த காகத்தைக் காட்டினேன். என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் உட்கார்ந்தால் விழித்து அழுதாள், நின்றால் தூங்கினாள். ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு லோகுவின் பேனா ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மேலதிகத் தாள் வாங்கினான். அது எனக்கு நல்ல சகுனமாகப் படவில்லை.

டீச்சர் வெளியே வந்தார். “நீ எழுதலயா தம்பி?” என்று மெதுவாகக் கேட்டார்.

“அவன் எழுதணும் டீச்சர். அவன் எழுதியே ஆகணும்.”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். இந்தக் குளிருக்கு எப்போதும் பனி பிடிக்கும் கண்ணாடி என்று நினைத்தேன்.

தேர்ச்சி அறிக்கை வந்தது. லோகுவுக்குக் கணக்கில் ஐம்பத்து நான்கு, நிலை முப்பத்தொன்று. எனக்குக் கணக்கில் ஆறு. என் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. வம்சம் தன் பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

வீட்டில் அக்கா அறிக்கையை வாங்கினாள். எண்ணைப் பார்த்ததும் வாய் திறந்தது; என்ன இங்கிலீஷ் வரப்போகிறதோ என்று காத்திருந்தேன். அவள் கண் கீழே இறங்கியது. வகுப்பாசிரியர் குறிப்பு என்ற இடத்தில் வழக்கமாக ‘முன்னேற இடமுண்டு’ என்றுதான் இருக்கும். எனக்கு எப்போதும் நிறைய இடமிருந்தது. இந்தத் தடவை டீச்சர் கையால் ஒரு வரி எழுதியிருந்தார். ‘தன் பரீட்சையை விட்டுத் தோழனை எழுத வைத்தவர்.’ அக்கா அதைச் சத்தமாக வாசித்தாள். பிறகு அவளுக்கு எந்தப் பாஷையிலும் சொல் கிடைக்கவில்லை. அப்பா அதை வாங்கி, எழுத்துக் கூட்டி, மூன்று தடவை வாசித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு என் பக்கம் கையை நீட்டினார். அடி விழும் என்று நான் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

மறுநாள் பெரட்டில் கண்டாக்கையா விசாரித்திருக்கிறார்.

“என்னாய்யா, இந்தத் தவணையும் பெனல்ட்டிமேட்டுத்தானா?”

“இல்லீங்க ஐயா,” என்று அப்பா, கூட்டம் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாராம். “கடைசி.”

போன தவணை சொன்னதுபோலவே நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னார் என்று பெரியப்பா வந்து சொன்னார். மாதக் கடைசியில் அந்தச் சிவப்புக் கைப்பிடி பேட்டையும் அப்பா வாங்கி வந்து, “நீயும் லோகுவும் வெளையாடுங்க” என்று கொடுத்தார். கணக்கில் எங்கேயோ பிழை நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் கணக்கில் நான் கெட்டிக்காரன் இல்லை என்பதால் வாயைத் திறக்கவில்லை.

முப்பத்தொன்று என்ற எண்ணைப் பார்த்த லோகுவின் அப்பா, கொழும்புக்கு ஆள் அனுப்பி, பையன் வரமாட்டான் என்று சொல்லிவிட்டார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டதும் லோகு என்னை டவுனில் ஒரு கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். ஜும்மா தொழுகை முடிந்து கடைக்கார நானா கதவைத் திறக்கும் நேரம் பார்த்து அவன் அம்மா குவைத்திலிருந்து அந்தக் கடைக்குப் பேசுவார். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. டெலிபோன் மணி அடித்தது. நடந்ததை முன்பே கடிதத்தில் எழுதியிருந்த லோகு, இரண்டு வார்த்தை பேசிவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினான். “ஒன்னையத்தான் கேக்குறாங்க.”

“தம்பி, நீங்கதானா அந்தப் புள்ள?” என்றது ஒரு குரல்.

என்னை அதுவரை எந்தப் பெரிய ஆளும் ‘நீங்க’ என்று சொன்னதில்லை. பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். நானா மட்டும் சீனி நிறுத்துக்கொண்டிருந்தார்.

“நான் இங்கன ரெண்டு புள்ளைகளத் தெனமும் குளிப்பாட்டி, தல சீவி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன். எம்புள்ளைய நீங்க அனுப்பிட்டீங்க தம்பி,” என்றார். அதற்குப் பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் அவ்வளவு தூரத்திலிருந்தும் தெளிவாகக் கேட்டது. அவருக்கும் காய்ச்சல் போலிருக்கிறது என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அவன் கடைசியாக வருவதற்காகத்தான் இவ்வளவும் செய்தேன் என்பதை வெளிநாட்டு டெலிபோனில் எப்படி ஆரம்பிப்பது? “பரவாயில்லீங்க அத்தை” என்று மட்டும் சொல்லிவிட்டு ரிசீவரை லோகுவிடம் கொடுத்தேன்.

வெளியே வந்ததும் எனக்கு ஒரே குழப்பம்.

“டேய், ஒங்கம்மாவுக்கு அங்க வேற ரெண்டு புள்ளைங்க இருக்காடா?”

“இல்லடா. அது அந்த வீட்டுக்காரங்க புள்ளைங்க.”

“அப்ப அந்தப் புள்ளைங்களோட அம்மா எங்க?”

லோகு நின்று யோசித்தான். கணக்கில் ஐம்பத்து நான்கு எடுத்தவன், தெரியாமல் இருக்காது என்று காத்திருந்தேன்.

“தெரியலடா,” என்றான் கடைசியில். “அவங்களும் வேற ஏதாச்சும் நாட்டுக்கு வேலைக்குப் போயிருப்பாங்க போல.”

அப்படித்தான் இருக்கும் என்று எனக்கும் பட்டது. அப்படியானால் அந்த வீட்டுப் பிள்ளைகளின் அம்மா, போன நாட்டில் யாருடைய பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறார் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் எங்கள் பஸ் வந்துவிட்டது.